பழுப்பேறிய கைடு

பழைய மெர்சிடிஸ் வி8 இன்ஜினில் டைமிங் செயின் தானாக அறுந்து நான் பார்த்தது அபூர்வம். செயினைத் தடம் மாறாமல் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் கைடு உடைந்து, அதனால் இன்ஜின் வீணாய்ப் போனதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஷார்ஜாவில் பார்த்தேன், ஊர் திரும்பி கோயம்புத்தூரில் பட்டறை போட்ட பிறகும் பார்க்கிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் துண்டு. கையில் வாங்கினால் எடையே தெரியாது. அது உடைகிற காலையில் எட்டு வால்வுகள் வளைந்துபோகலாம், பிஸ்டன் தலையில் குழி விழலாம், கார் மாதக்கணக்கில் மூலையில் நிற்கலாம். அதை மாற்றும் வேலைதான் என் தொழில் வாழ்க்கையில் பாதி என்று சொன்னால் மிகையில்லை.

நான் தொழில் பழகியது எழுபதுகளின் கடைசியில், கோயம்புத்தூரில். பட்டறைக்கு வந்தவை அம்பாசடர், ஃபியட், அவ்வப்போது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அந்த இன்ஜின்களிலும் டைமிங் செயின் உண்டு. ஆனால் கேம் பிளாக்குக்குள்ளேயே, கிராங்குக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டிச் செயின், அவ்வளவுதான். தேய்ந்தால் முன்பக்கத் தகரக் கவருக்குள்ளிருந்து சலசலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஊட்டிக்குப் போய்த் திரும்பியவர்கள் எல்லாம் உண்டு. எங்கள் மேஸ்திரி காதை வைத்தே முக்கால்வாசி வேலையைச் செய்வார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக்கொண்டு, "இது டேப்பட்டு", "இது செயினு", "இது பேரிங்கு" என்று சொல்லுவார். சொன்னது தப்பாது. பிரித்து மாட்டும்போது இரண்டு பல்சக்கரத்துப் புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும், எண்ணெய் வீசும் தட்டை முன்பின் மாற்றி மாட்டிவிடக்கூடாது. அந்த வேலைக்கு அந்த ஞானம் போதும். சத்தம் வந்தால் கை வை, வராவிட்டால் விட்டுவிடு. அந்தக் காலத்துப் பட்டறைகளின் சட்டம் அது. அந்தக் கார்களுக்கு அது சரியான சட்டமும்கூட.

எண்பதுகளின் நடுவில் ஷார்ஜா போனேன். இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் பட்டறை. தெருவுக்குத் தெரு பட்டறைதான்: ஒன்றில் ரேடியேட்டர் மட்டும், ஒன்றில் கியர்பாக்ஸ் மட்டும், ஒன்றில் சீட் தையல் மட்டும். நாங்கள் ஜெர்மன் கார் பார்க்கிறவர்கள். ஃபோர்மேன் திருச்சூர்க்காரர், எல்லாருக்கும் அவர் சேட்டன். பட்டறை வாசலில் வரிசையாக நின்றவை டபிள்யூ126 உடம்புள்ள பெரிய மெர்சிடிஸ்கள். 1979-லிருந்து 1991 வரை வந்த வண்டி அது. 380, 500, பிறகு 420, 560 என்று அதில் வந்த வி8 இன்ஜின்களெல்லாம் எம்116, எம்117 என்ற ஒரே குடும்பம். 1969-ல் 3.5 லிட்டராக இரும்பு பிளாக்கில் தொடங்கிய குடும்பம். எழுபதுகளின் கடைசியில் அலுமினிய பிளாக்குக்கு மாறத் தொடங்கியது. 450 எஸ்எல் மாதிரி இரண்டு கதவு வண்டிகளிலும் இதே குடும்பம்தான்.

இந்த இன்ஜினில் கேம் பிளாக்குக்குள் இல்லை. ஒவ்வொரு ஹெட்டின் மேலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கிராங்கிலிருந்து கிளம்பும் செயின் ஒரு ஹெட்டுக்கு ஏறி, அந்தக் கேமைச் சுற்றி, நடுப்பள்ளத்தில் இறங்கி, எதிர் ஹெட்டுக்கு ஏறி, அந்தக் கேமையும் சுற்றிக்கொண்டு மறுபடி கிராங்குக்கு வர வேண்டும். அம்பாசடர் செயினோடு ஒப்பிட்டால் நீளம் பல மடங்கு. அவ்வளவு நீளச் செயின் நேராக ஓடாது, வேகத்தில் அலையும். அலையாமல் பிடிக்கத்தான் வழியெங்கும் கைடுகள். இறுக்கத்துக்கு ஒரு டென்ஷனர். இன்ஜின் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் அது வலது பக்கம், செயின் தளர்ந்து வரும் பக்கத்தில் இருக்கும். கிராங்க் இழுக்கிற பக்கம் இடது. இடது ஹெட்டுக்குள் இரண்டு கைடு, வலது ஹெட்டுக்குள் ஒன்று. இந்த இடது, வலது எல்லாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு. பானெட்டுக்கு முன்னால் நின்று வேலை செய்கிற பையன்கள் எப்போதும் இதில் குழம்புவார்கள். என் பட்டறையில் புதிதாகச் சேர்கிறவனிடம் முதல் நாள் கேட்கும் கேள்வியே இதுதான்.

நான் போன புதிதில் வந்த ஒரு 500 எஸ்இஎல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முந்தின நாள் துபாய் போய் வந்த வண்டி. சாயங்காலம் வரை ஒரு குறையும் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் ஒரு வெடுக், இரண்டு மூன்று தட்டல், நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்; இன்ஜின் ஒரு பக்கமாக நொண்டியபடி சுற்றியது. சேட்டன் வண்டியின் சத்தத்தைக் கேட்கவேயில்லை. சாவியைத் தொடாதே என்றார். இடது பக்க டேப்பட் கவரைக் கழற்றச் சொன்னார். உள்ளே பார்த்தால், உள்பக்கக் கைடு இருக்க வேண்டிய இடத்தில் பின்னில் தொங்கியபடி ஒரு சிறு துண்டு மட்டும். மீதி எங்கே? ஒரு பகுதி செயினுக்கும் கேம் பல்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கி நசுங்கிப் போயிருந்தது. அந்தத் துண்டு நடுவில் போனதும் செயின் பல் தாண்டியிருக்கிறது. கேம் ஒரு கணக்கிலும் கிராங்க் ஒரு கணக்கிலும் சுற்ற, திறந்து நின்ற வால்வை பிஸ்டன் வந்து இடித்திருக்கிறது. செயின் அறுபடவேயில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு இணைப்புக்கூடக் கெடவில்லை.

சம்ப்பை இறக்கி, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் மாட்டியிருந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கினோம். சேட்டன் ஒரு பழைய அரபிப் பத்திரிகையை விரித்து, உடைந்த மண்பானையைச் சேர்ப்பதுபோல ஒவ்வொன்றாக அடுக்கினார். புதுக் கைடு ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தார். ஒரு மூலை குறைந்தது. அந்த மூலை கிடைக்கும்வரை இன்ஜினை மூட விடவில்லை. கடைசியில் அது முன் கவருக்குள், கிராங்க் பல்சக்கரத்துக்கு மேலே ஒரு திட்டில் உட்கார்ந்திருந்தது. அதை விட்டிருந்தால் புதுச் செயினையும் அது தாண்ட வைத்திருக்கும். கைடு உடைந்து வரும் வண்டியில் இன்றைக்கும் எங்கள் பட்டறையில் அப்படித்தான்: துண்டுகள் சேர்ந்து முழுக் கைடு ஆனால்தான் அடுத்த வேலை.

அன்றைக்குப் புதுக் கைடையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நிறம் கண்ணில் பட்டது. புதியது வெள்ளை, லேசாக வெண்ணெய் நிறம் என்று சொல்லலாம். விரலால் வளைத்தால் கொஞ்சம் கொடுக்கும். பழையது அடர் பழுப்பு, நகத்தால் தட்டினால் கண்ணாடிச் சில்லுபோல் டிக்கென்று கேட்கும். செயின் ஓடி ஓடி அதன் முதுகில் இரண்டு தடம் விழுந்திருந்தது, ஆனால் ஆழமில்லை. தேய்ந்து அது போகவில்லை, முதிர்ந்து போயிருந்தது. வருஷக்கணக்காகச் சூடான எண்ணெயில் குளித்து, ராத்திரி ஆறி, மறுபடி சூடாகி, அந்தப் பிளாஸ்டிக்கின் இளக்கம் முழுக்கப் போய்விடுகிறது. பிறகு ஒரு நாள், குளிர்ந்த இன்ஜினில், எண்ணெய் அழுத்தம் ஏறுவதற்கு முந்தின ஒரு நொடியில் தளர்ந்த செயின் ஒரு அடி அடித்தால் போதும். வெட்டென்று போய்விடும். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும்போது உடைந்த கதையைவிட, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது உடைந்த கதைதான் எனக்கு அதிகம் வந்திருக்கிறது.

இந்த இடத்தில் மேஸ்திரியின் காது எனக்குக் கைகொடுக்கவில்லை. செயின் நீண்டிருந்தால் சத்தம் வரும். டென்ஷனர் எண்ணெய் பிடிக்காவிட்டால் காலையில் கொஞ்ச நேரம் கடகடவென்று வரும். கைடு முதிர்வதற்குச் சத்தமே கிடையாது. உடைகிற நிமிஷம் வரை இன்ஜின் பட்டுப்போல ஓடும். எந்தக் குறையும் சொல்லாத இன்ஜினைத் திறந்து, நன்றாக இருப்பதாகத் தெரிகிற ஒன்றைக் கழற்றிப் போட்டுப் புதியதை மாட்ட வேண்டும். இதை மெக்கானிக் ஏற்றுக்கொள்வதே கஷ்டம். வண்டிக்காரரை ஏற்க வைப்பது அதைவிடக் கஷ்டம். வளைகுடாவில் சில குடும்பங்களின் டிரைவர்கள்தான் எங்களுக்கு உதவினார்கள். வாசலில் செத்து நின்ற வண்டிகளைப் பார்த்துவிட்டுப் போய் முதலாளியிடம் அவர்களே சொல்லிவிடுவார்கள். அங்கே ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடினாலோ பத்து வருஷம் ஆனாலோ கைடு மாற்றுவது என்று ஒரு வழக்கம் பட்டறைகளில் மெல்ல மெல்ல வந்தது.

வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரக்காரர்கள் கெடுப்பது இங்கேதான். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்குகள் எட்டையும் கழற்றிவிட்டால் கிராங்க் லேசாகச் சுற்றும். கிராங்க் முன்போல்ட்டுக்கு 27 எம்எம் சாக்கெட். எப்போதும் அது சுற்றும் திசையில்தான் சுற்ற வேண்டும், பின்னால் ஒரு இம்மிகூடக் கூடாது. கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றவே கூடாது. முதல் பிஸ்டன் மேலே வந்ததும், கேமில் ஒரு கோடு இருக்கும். அது முன் பேரிங் தாங்கியில் உள்ள குறியோடு சேர வேண்டும். அந்த நேரத்தில் கிராங்க் புல்லி எத்தனை டிகிரி காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை இன்ஜினே சொல்லும் இடம் இது. பத்து டிகிரியைத் தொட்டுவிட்டால் நான் கைடோடு செயினையும் மாற்றச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது டென்ஷனர். அதை முதலில் கழற்றினால்தான் செயினில் தளர்வு கிடைக்கும். கழற்றின நிமிஷத்திலிருந்து கிராங்கை யாரும் தொடக்கூடாது. சாக்கெட்டையே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார் சேட்டன். செயினையும் பல்சக்கரத்தையும் பெயின்ட்டால் குறி போட்டு, பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டிவிட்டுத்தான் கேமிலிருந்து பல்சக்கரத்தைப் பிரிப்பது. கைடுகளைப் பிடித்திருக்கும் பின்கள் ஹெட்டின் முன்முகத்தில் இருக்கும். பின்னின் நடுவில் மரை உண்டு. அதில் ஒரு போல்ட்டை முறுக்கி, அதோடு சறுக்கு சுத்தியல் மாட்டி, டக் டக்கென்று வெளியே இழுக்க வேண்டும். அலுமினியத்துக்குள் வருஷக்கணக்காக உட்கார்ந்த பின் சில சமயம் அழிச்சாட்டியம் செய்யும். போல்ட் மரையில் அடிவரை ஏறியிருக்க வேண்டும். பாதி ஏறிய போல்ட்டில் இழுத்தால் மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அதன் பிறகு அந்தப் பின்னுக்கு லேத்துக்காரரிடம்தான் போக வேண்டும். பின் கடைசியாக வெளியே வரும் நேரத்தில் ஒரு கை உள்ளே கைடைப் பிடித்திருக்க வேண்டும். முதிர்ந்த கைடு அந்த நேரத்தில் கையிலேயே இரண்டாக வந்ததை நான் நிறைய முறை பார்த்திருக்கிறேன். துண்டு விழாமலிருக்க, கீழே உள்ள திறப்பையெல்லாம் சுத்தமான துணியால் அடைத்திருப்போம். எத்தனை துணி உள்ளே போனது என்பது சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கும்.

புதுக் கைடை வைத்துப் பின்னைத் திரும்ப அடிக்கும்போது தலைப்பகுதியில் சீலன்ட் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து எண்ணெய் கசியும். டென்ஷனரை அப்படியே தூக்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் காற்று நின்றால் முதல் ஸ்டார்ட்டிலேயே செயின் அடிக்கும். இத்தனை வேலையும் எதற்காகச் செய்தோமோ அது கெட்டுவிடும். லேசான எண்ணெயில் அதை நிமிர்த்தி முக்கி வைத்து, பிரஸ்ஸில் மெதுவாக ஏழெட்டு முறை அழுத்தி விட வேண்டும். குமிழ் வருவது நின்று, கையால் அழுத்தினால் உள்ளே போகவே மறுக்கும். அப்போதுதான் அது தயார். பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று. கேமில் உள்ள குறிகள் திரும்ப அதே இடத்துக்கு வர வேண்டும். எங்கேயாவது கை கனத்தால் அங்கேயே நிறுத்து. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அந்தக் கனம் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

கவர் திறந்திருக்கும்போதே இன்னொன்றும் மாற்றிவிடுவேன். கேமுக்கு மேலே எண்ணெய் கொண்டுபோகும் குழாய்கள் ஓடும், அவற்றின் மூட்டுகளும் பிளாஸ்டிக். கைடுக்கு ஆன அதே வயசு அவற்றுக்கும் ஆகியிருக்கும். மூட்டு உடைந்து குழாய் நழுவினால் கேமுக்கு எண்ணெய் போகாது, கேம் தேய்ந்து போகும். கைடை மாற்றிவிட்டு இதை விட்டுவிடுவதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. சில்லறைச் செலவு.

செயினும் மாற்ற வேண்டியிருந்தால் பழைய செயினின் ஒரு இணைப்பைச் சிறு கிரைண்டரால் வெட்டி, புதுச் செயினை அதோடு கோத்து, ஒருவர் கிராங்கை மெல்லச் சுற்ற இன்னொருவர் புதியதை ஊட்டி, பழையதை இழுத்து வாங்க வேண்டும். செயின் இரண்டு கேம் பல்சக்கரத்தின் மேலும் எந்த நேரமும் அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். வால்வு ஸ்பிரிங்குகள் கேமைத் திடீரென்று உதைத்துவிடும். அந்த நேரத்தில் போன் எடுக்கிற பையனுக்கு என் பட்டறையில் இடமில்லை. கடைசியில் மாஸ்டர் லிங்க்கை ரிவிட் கருவியால் அடைக்க வேண்டும். இதில் நான் ஐவிஸ் செயினையே கேட்டு வாங்குவேன். மூனிக் பக்கத்துப் பழைய செயின் கம்பெனி.

தொண்ணூறுகளில் ஷார்ஜாவுக்கு அமெரிக்காவிலிருந்து பழைய கார்கள் கப்பலில் வரத் தொடங்கின. அப்படி ஒரு சிவப்பு 380 எஸ்எல் வந்தது. டேப்பட் கவரைத் திறந்த சேட்டன் அமைதியாகிவிட்டார். வழக்கமாக இந்த இன்ஜினில் செயின் இரட்டை வரிசை. அதில் ஒற்றை வரிசை. 1981-லிருந்து 1983 வரை அமெரிக்காவுக்குப் போன 380-களில் அப்படி வந்தது. 1984-லிருந்து மறுபடி இரட்டைக்கே போய்விட்டார்கள். ஒற்றைச் செயின் சீக்கிரம் நீளும், கைடையும் சீக்கிரம் அடிக்கும். அதை இரட்டைக்கு மாற்ற வேண்டுமானால் செயின் மட்டும் போதாது: கிராங்க் பல்சக்கரம், கேம் பல்சக்கரங்கள், கைடுகள் எல்லாமே மாற வேண்டும், முன்பக்கம் முழுக்கப் பிரிய வேண்டும். வண்டிக்காரர் ஒரு பாகிஸ்தானி வியாபாரி, மனசு விசாலமானவர். செய்யுங்கள் என்றார். ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப், புல்லி, சம்ப் என்று ஒவ்வொன்றாக இறக்கி முன் கவரைக் கழற்றினோம். அந்தக் குடும்பத்து இன்ஜினின் முழு முகத்தையும் நான் நிதானமாகப் பார்த்தது அந்த வண்டியில்தான். கீழே ஒளிந்திருக்கும் கைடுகள், எண்ணெய்ப் பம்பை ஓட்டும் தனிக் குட்டிச் செயின், எல்லாவற்றுக்கும் அங்கே கை எட்டியது. கீழ்க் கைடுகள் மேலே இருந்தவை அளவுக்குக் கெட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு பார்த்த இன்ஜின்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் மேல் கைடுகளுக்காக மட்டும் வரும் வண்டியில் முன்பக்கத்தைப் பிரிக்கச் சொல்லி நான் செலவு வைப்பதில்லை. வேறு காரணத்துக்காக முன்பக்கம் பிரிந்திருந்தால் கீழே உள்ளதையும் சேர்த்து மாற்றாமல் மூடுவதும் இல்லை.

ஊர் திரும்பியது இரண்டாயிரத்தின் தொடக்கத்தில். கோயம்புத்தூரில் பழைய கார் வைத்திருக்கும் ஆசை மில் காலத்திலிருந்தே உண்டு. வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவர்கள் கொண்டுவந்த டபிள்யூ126-களும் இருந்தன. ஷார்ஜாவுக்கும் இங்கேயும் பெரிய வித்தியாசம் ஒன்று. அங்கே வண்டி ஓடியே தீர்ந்துபோகும். இங்கே நின்றே வயசாகும். ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து, ரேஸ்கோர்ஸ் ரோட்டில் ஒரு சுற்று, திரும்பவும் ஷெட்டில் துணி போர்த்தி வைத்துவிடுவார்கள். மீட்டரில் எழுபதாயிரம் கிலோமீட்டர் இருக்கும். "இது புது வண்டி மாதிரிங்ண்ணா, எதுக்குத் திறக்கோணும்?" என்று கேட்பார்கள்.

ஒரு மில் குடும்பத்தின் 450 எஸ்எல்சி அப்படித்தான் வந்தது. பெரியவர் காலமான பிறகு பேரன் எடுத்து ஓட்டுகிறார். ரேடியேட்டர் ஹோஸ் மாற்ற வந்தவரிடம் கைடு பற்றிச் சொன்னேன். "அண்ணா, தாத்தா அதைக் கொழந்த மாதிரி வெச்சிருந்தாருங்க. வருசம் தவறாம ஆயில் மாத்தியிருக்கு. பில்லெல்லாம் இருக்குதுங்க" என்றார். பில் எல்லாம் உண்மை. ஆயில் ஒழுங்காக மாற்றிய இன்ஜின் என்பது உள்ளே பார்த்தாலே தெரிந்தது: கசடு இல்லை, கேம் பளபளவென்று இருந்தது. திறப்பதற்கு மட்டும் சம்மதம் வாங்கியிருந்தேன். கவர் கேஸ்கெட் செலவு என்னுடையது, கைடு நன்றாயிருந்தால் கூலி வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். டார்ச் அடித்து அவரையே எட்டிப் பார்க்கச் சொன்னேன். கைடின் நிறம் வெல்லப்பாகு நிறத்தையும் தாண்டியிருந்தது, அடிப்பக்கத்தில் பின் ஓட்டையிலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று ஓடியிருந்தது. அவர் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு வெளியே போய் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தார். "மாத்திருங்கண்ணா" என்றார். பிறகு கழற்றிய பழைய கைடைத் தரச் சொல்லி வாங்கிப் போனார். தன் கூட்டாளிகளிடம் காட்டியிருக்கிறார். அதற்கடுத்த மாதங்களில் வந்த வண்டிகளில் பாதி அந்தத் துண்டைப் பார்த்தவர்களுடையது.

இப்போது பாகம் கிடைப்பது ஒரு விதத்தில் சுலபம், ஒரு விதத்தில் ஆபத்து. ஜெர்மனியில் மெர்சிடிஸே பழைய வண்டிகளுக்கென்று ஃபெல்பாகில் 1993-லிருந்து தனி மையம் வைத்திருக்கிறது. பாகம் எண் தெரிந்தால் நல்ல சரக்கு வரும். ஆனால் பாதி விலைக்கு, பெட்டியில் பெயர்கூடச் சரியாக அச்சிடாத நகல்களும் சந்தையில் இருக்கின்றன. ஒரு வண்டிக்காரர் பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்படி ஒரு செட் வாங்கி வந்தார். பின் ஓட்டை ஒரு நூல் அளவு பெரிது. பின் உள்ளே ஆடியது. ஆடும் கைடு நாள் முழுக்கச் செயினிடம் அடி வாங்கும். வளைத்துப் பார்த்தேன், புதியதே பழையதைப்போல விறைத்திருந்தது. மாட்ட முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார். என் பட்டறைக்குள் நுழைகிற எந்தக் கைடும் முதலில் வெர்னியரைப் பார்க்கிறது, பிறகுதான் இன்ஜினைப் பார்க்கிறது.

புதுப் பையன்களுக்கு ஸ்கேனர் தெரிகிறது, அது நல்ல விஷயம். ஆனால் இந்த வண்டிகளில் ஸ்கேனர் மாட்ட இடமே இல்லை. அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்ட ஒன்று, பிளக் ஓட்டை வழியாக விடும் குட்டிக் கேமரா. கைடு உடைந்து வந்த வண்டியில் ஹெட்டை இறக்குவதற்கு முன்பே பிஸ்டன் தலையில் வால்வு இடித்த பிறைத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். செலவு எவ்வளவு வரும் என்று வண்டிக்காரருக்கு அன்றைக்கே சொல்லிவிட முடிகிறது. சேட்டன் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை ஹெட்டைச் சும்மா இறக்காமல் இருந்திருப்போம்.

வேலை முடிந்த வண்டியில், பானெட் உள்பக்கத்தில் ஒரு சிறு தகடு ஒட்டி, கைடு மாற்றிய மாதமும் வருஷமும் எழுதி வைக்கிறேன். கிலோமீட்டர் எழுதுவதில்லை. வண்டி கை மாறினாலும் அடுத்தவருக்கு அது தெரிய வேண்டும்.

பழைய மெர்சிடிஸ் வி8 வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் போனில் கேட்பது பெரும்பாலும் பெயின்ட், துரு, ஏசி பற்றித்தான். அதையெல்லாம் பிறகு பார்க்கலாம். வண்டி பார்க்கப் போகும்போது ஒரு மெக்கானிக்கையும் ஒரு டேப்பட் கவர் கேஸ்கெட்டையும் கூட்டிப் போங்கள். கைடு மாற்றிய பில் கேளுங்கள், தேதி பாருங்கள். பில் இல்லையென்றால் இடது பக்கக் கவரை மட்டும் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வெள்ளையாக இருந்தால் விலை பேசலாம். பழுப்பாக இருந்தால் அதை மாற்றும் செலவைக் கழித்துப் பேசுங்கள், வண்டியை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வராமல் டிரக்கில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். திறக்கவே விடமாட்டேன் என்று சொன்னால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.